ஐந்தாம் நம்பர் கதை

எங்கள் கோச்சிங் சென்டரில் சேர வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெளிநாட்டில் வேலை கிடைத்துத் தலைதெறிக்க ஓடி வருகிறவர்கள் ஒரு ரகம். வீட்டில் பிடித்துத் தள்ளியதால் வந்தவர்கள் ஒரு ரகம். ஏற்கெனவே பரீட்சை எழுதித் தோற்று, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பதும், பரீட்சைக்குத் தேதி போடுவதும், சாவி எங்கே, மார்க்கர் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும்தான் என் வேலை. இந்த முகஜோசியம் அதற்கு இலவச இணைப்பு. லிஃப்ட்காரர் விஷயத்தில் மட்டும் என் ஜோசியம் பலிக்கவில்லை.

அவர் வந்த அன்று எங்கள் கட்டடத்து லிஃப்ட் வழக்கம்போல இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கேரண்டி சார். சென்டரின் முதலாளியும் அவர்தான், வாத்தியாரும் அவர்தான். "எங்கிட்ட படிச்சா மார்க் கேரண்டி" என்று வாய்க்கு வாய் சொல்வதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. எத்தனையோ பேரை இங்கிலீஷ் பேச வைத்த மனுஷன், அந்த இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து, "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று சுத்தத் தமிழில் கதறிக்கொண்டிருந்தார். படியேறி வந்த ஒருவர் பையிலிருந்து ஏதோ சாவியை எடுத்தார், கதவை விலக்கினார், "பயப்படாதீங்க சார், கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கையைக் கொடுங்க" என்று இழுத்து வெளியே விட்டார். ரிப்பேருக்கு ஆள் வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்று, "மேடம், இங்கிலீஷ் பரீட்சைக்குச் சேரணும்" என்றார்.

லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மெஷின் ரூம் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். மனைவி நர்ஸ், வெளிநாட்டில் வேலை. கீழ் மாடியில் இருக்கிற ஏஜென்சிதான் அந்த அம்மாவை அனுப்பிவைத்தது. இவரும் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால், இங்கிலீஷ் பரீட்சையில் பாஸாகிவிட்டு வா என்கிறது அந்த நாட்டுச் சட்டம்.

"ரொம்ப நாளா தனியா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் கேட்கிற கேள்வியா அது? என் வாய் சும்மா இருந்தால்தானே.

"அவ போயி வருஷக்கணக்காச்சு மேடம். இந்த வருஷத்துக்குள்ள வந்துடுங்க, இல்லேன்னா அவங்கவங்க வழியைப் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டா. கோபமா சொல்லியிருந்தா பரவாயில்ல. சலிச்சுப்போய்ச் சொன்னா. அதான் பயமா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் என்னவோ போலாகிவிட்டது. கணவனும் மனைவியும் வாராவாரம் போனில் பேசிக்கொள்வதை நானே பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அங்கே குளிரா, இங்கே மழையா, வீட்டுக் குழாய் ஒழுகுகிறதா, முதுகுவலி எப்படி இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை போகாது. இரண்டு பேரும் ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. "என்ன அண்ணே, பொண்டாட்டிகிட்ட பேசற மாதிரியா இருக்கு, வாட்டர் போர்டுக்குப் பேசற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சீண்டினேன். "அங்க போயிட்டா பேசிடுவேன் மேடம். நேர்ல உட்கார்ந்தா வந்துடும்" என்றார்.

அவர் பையில் ஸ்பேனர், கையுறை, எண்ணெய்த் துணிக்கு நடுவில் ஒரு பாடப் புத்தகம் எப்போதும் இருக்கும். ஏழாம் வகுப்பு இங்கிலீஷ். அட்டை போட்டு, எண்ணெய் படாமல் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பார். வகுப்புக்குச் சீக்கிரம் வந்துவிட்டால் என் மேஜைக்கு எதிரே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்துப் படிப்பார். "யார் புத்தகம் அண்ணே, பிள்ளையோடதா? திருடிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா, அவளோடதுதான்" என்றார். ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அவ இருந்திருந்தா இந்த வருஷம் ஏழாவது" என்றார்.

ஒரே மகள். குட்டி என்று கூப்பிடுவார்களாம். முதல் வகுப்பில் சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் நடத்தியதை வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு நடத்துவாளாம். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை, அதனால் மாலை நேரம் முழுக்க அப்பாவும் மகளும்தான். அவருக்கு எட்டாவது வரை ஏறாத இங்கிலீஷ், மகள் நடத்தியபோது ஏறியிருக்கிறது. தப்பாகச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வைப்பாளாம். "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போதுகூட அவ்வளவு பயந்ததில்ல மேடம்" என்றார். முதல் வகுப்பு முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது இவர் கடைக்குப் போய் இரண்டாம் வகுப்புப் புத்தகம் வாங்கியிருக்கிறார். அதற்கடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பு. அப்படியே வருஷா வருஷம்.

"படிச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. என்ன பண்றது? ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அவ மேல மேல போய்க்கிட்டிருப்பா, நான் பின்தங்கிடக் கூடாதுல்ல? அப்புறம் கிண்டல் பண்ணுவா."

நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

அவர் பேசிய இங்கிலீஷ் மெதுவான இங்கிலீஷ். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து எடுப்பார். தப்பும் இருக்கும். ஆனால் எங்கள் சென்டரில் யோசித்துப் பேசப்பட்ட இங்கிலீஷ் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கேரண்டி சாரின் சரக்கு.

சாரின் சரக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேச்சுப் பரீட்சையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். உனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல், நீ போன ஒரு பயணத்தைப் பற்றிச் சொல் என்று அதில் இருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறுத்தாமல் பேச வேண்டும். "யோசிக்கிறதே தப்பு" என்பார் சார். "யோசிச்சா திக்கும். திக்கினா மார்க் போச்சு." அதனால் அவரே நாலு கதைகள் கட்டி வைத்திருந்தார். ஒன்றாம் நம்பர், அன்பான ஆசிரியை. இரண்டு, ரயிலில் பெட்டி தொலைந்தது. மூன்று, பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரம். நாலு, மழையில் உதவிய முன்பின் தெரியாதவர். எந்தச் சீட்டு வந்தாலும் இந்த நாலில் ஒன்றை அதற்குத் தகுந்தபடி வளைத்துவிடலாம். கிழவரிலிருந்து காலேஜ் பெண் வரை எல்லாருக்கும் ஒரே ஆசிரியை, எல்லாருக்கும் அதே ரயிலில் அதே பெட்டிதான் தொலையும். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, தொலைந்துபோன அந்தப் பெட்டியை எங்காவது கண்டால் உரிமையோடு எடுத்து வந்துவிடுவேன் என்கிற அளவுக்கு எனக்கே பழகிவிட்டது.

"அந்த ஸ்கூல் புத்தகத்தை மூட்டை கட்டி வைங்க" என்றார் சார் லிஃப்ட்காரரிடம். "இங்கிலீஷ் அப்புறம் ஆயுசு முழுக்கக் கத்துக்கலாம். இப்ப உங்களுக்கு வேண்டியது மார்க்." கெட்ட மனுஷன் இல்லை. ஏழை என்று தெரிந்தால் விட்டுக்கொடுப்பார், யாராவது பாஸாகிவிட்டால் குழந்தை மாதிரி குதிப்பார். ஆனால் அவர் மண்டைக்குள் பரீட்சையைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது.

புதிய வகுப்பு தொடங்கும்போது சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு சீட்டைக் கொடுத்து ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேச வைப்பார். திக்கித் திணறி உட்கார்ந்த பிறகு, "பார்த்தீங்களா, சொந்தமா பேசினா இதுதான் கதி" என்று சொல்லிவிட்டு நாலு கதைகளைக் கையில் எடுப்பார். அந்தத் தடவை சீட்டில் இருந்தது, மறக்க முடியாத ஒரு நாள். லிஃப்ட்காரரின் முறை வந்தது. எழுந்தார், பேசினார்.

எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. நடுவில் போன் அடித்தது, தேதி மாற்றச் சொல்லி ஒருவர் வந்து நின்றார். குட்டிக்குக் காய்ச்சல் ஏறியது, ஒரு வாடகைக் காரில் மடியில் போட்டுக்கொண்டு போனது, வழியில் அவள் ஏதோ சொன்னது, மனைவி தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வாசலில் வெள்ளை உடுப்போடு ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றது, காரிலிருந்து இறக்கியபோது குட்டிக்கு நினைவு இல்லை, பிறகு திரும்பவே இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சார் வெளியே வந்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் அவர் சொன்னது இது: "என்ன மாதிரி கதை! நம்மகிட்ட துக்கக் கதையே இல்லாம இருந்துச்சு பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அது அவரோட பிள்ளை" என்றேன்.

"பேரா போடப் போறேன்? மத்தவங்களுக்குத் தங்கச்சின்னு மாத்திட்டா ஆச்சு. அவர்கிட்டயே கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

லிஃப்ட்காரரைப் பிடித்துக் கேட்டேன். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "சார் ரொம்ப நல்லா இருக்குன்னாரு மேடம். எந்த வாத்தியாரும் என்னை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. நாலு பேருக்கு உபயோகப்படும்னா படட்டுமே." அந்த வெள்ளை மனசை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் எப்படித்தான் பிழைத்தாரோ.

சார் போர்டில் எழுதி, பிள்ளைகளைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். ஐந்தாம் நம்பர் கதை. வாடகைக் கார் ஆம்புலன்ஸ் ஆனது, சைரன் சேர்ந்தது, வெளியே மழை சேர்ந்தது. அம்மா நர்ஸ் உடுப்பில் ஸ்ட்ரெச்சரோடு நிற்பதை மட்டும் தொடவில்லை, "அது வைரம்" என்றார். வழியில் குழந்தை சொன்னதுதான் அவருக்குச் சரிப்படவில்லை. "இது என்னன்னு எக்ஸாமினருக்கு விளக்கவே பாதி நேரம் போயிடும்" என்று அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்று எழுதினார். 'அழாதே, நான் உன்னை விட்டு எங்கும் போக மாட்டேன்' என்று சொல்லிக் குழந்தை கண்ணை மூடுகிறது. சினிமாவில்கூட இப்போதெல்லாம் யாரும் அப்படிச் சாவதில்லை.

"உங்களுக்கு மட்டும் மகள்னே இருக்கட்டும்" என்று லிஃப்ட்காரருக்குச் சலுகை கொடுத்தார். "ஆனா வார்த்தை வார்த்தையா போர்டுல இருக்கறதுதான் வரணும். உங்க பழைய மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னா மார்க் வராது. மனைவிகிட்ட போகணுமா வேண்டாமா?"

போகணும். அதற்காக அந்த மனுஷன் உருப்போட்டார். மெஷின் ரூமில் கிரீஸ் தடவிக்கொண்டே சொல்வாராம், லிஃப்ட் குழியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொல்வாராம். சார் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று விரட்டினார். 'அழாதே' என்கிற இடத்தில் குரல் லேசாக உடைய வேண்டும், ஆனால் வார்த்தை தெளிவாக விழ வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி. சொந்த மகள் செத்ததற்கு எங்கே அழுவது என்று ஒருத்தர் சொல்லிக்கொடுக்கிறார், இவரும் தலையாட்டிக்கொண்டு கற்றுக்கொள்கிறார். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பில் ஐந்தாம் நம்பரைப் பிரமாதமாகச் சொன்னது ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அந்த நர்ஸ் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர். நல்ல பெண். அவள் சொன்னால் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முதல் தடவையிலேயே பாஸாகி, கீழ் மாடி ஏஜென்சி மூலம் பறந்துவிட்டாள். போகும்போது லிஃப்ட்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "உங்க கதையாலதான் அங்கிள்" என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவருடைய பரீட்சை வந்தது. வெளுத்த சட்டை, புதுச் செருப்பு, நகத்து அழுக்கைத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் சிவந்திருந்தது. "சீட்டுல எது வந்தாலும் அஞ்சாம் நம்பருக்கு வண்டியைத் திருப்பிடுங்க" என்று சார் முதுகில் தட்டி அனுப்பினார். மத்தியானம் திரும்பி வந்தவர் என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணே, எப்படி இருந்தது?"

"நல்ல அம்மா மேடம். எக்ஸாமினர். ரொம்ப மரியாதையா பேசினாங்க. மறக்க முடியாத நாள்னே சீட்டு வந்தது. ஆரம்பிச்சேன். பாதியில பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க."

"ஏன்?"

"இந்தக் குழந்தை சாகறதை இன்னைக்கே இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டேன்னாங்க. மனப்பாடம் பண்ணதை விட்டுட்டு, உங்களுக்கு நிஜமா நடந்தது ஏதாவது சொல்லுங்கன்னாங்க."

கையிலிருந்த தேதி நோட்டை மூடிவைத்தேன்.

"இது எனக்கு நடந்ததுங்கம்மா, என் பிள்ளைன்னு சொல்ல வாயைத் திறந்தேன் மேடம். அதுக்கும் போர்டுல இருந்த வரிதான் வந்தது. அந்தம்மா தலையை ஆட்டிட்டாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பேசல. நேரம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்."

ரிசல்ட் வந்தது. ஃபெயில். சார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரே நாள்ல மூணு பேருக்குத் தேதி போட்டது தப்பு. பிரிச்சுப் போட்டிருக்கணும்." அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் நான் அவரைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன். போகவில்லை. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, அடுத்த தேதிக்கு நாலாம் நம்பரைத் தயார் பண்ணலாம் என்றார். வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது, ஒரு பரீட்சைக்கு இடம் இருந்தது. லிஃப்ட்காரரும் சரி என்றார். மழையில் உதவிய முன்பின் தெரியாதவரை உருப்போட ஆரம்பித்தார்.

அந்தப் பரீட்சைக்கு முந்தின வாரம், காலை வகுப்பு தொடங்கும் முன், மனைவியிடமிருந்து போன் வந்தது. வழக்கமாகக் கூப்பிடுகிற நாள் இல்லை. அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு மேஜை ஓரத்தில் வைத்தார். ஹாலில் நானும் அவரும்தான்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நம்ம குட்டியைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?"

அவர் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அந்த அம்மா தொடர்ந்தாள். குரலில் அழுகை இல்லை, ஒரேயடியாக வற்றிப்போயிருந்தது.

"இங்க கேன்டீன்ல புதுசா வந்த பொண்ணுங்க, இங்கிலீஷ் பரீட்சையில எப்படியெல்லாம் ஏமாத்தினோம்னு பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. ஒரு பொண்ணு, எங்க சென்டர்ல எல்லாருக்கும் தங்கச்சி செத்துப்போயிடுவான்னு சொல்லி, எழுந்து நின்னு நடிச்சுக் காட்டினா. ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா வெள்ளை உடுப்புல ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான்னு சொல்றா. நான் பக்கத்து டேபிள்ல உட்கார்ந்திருக்கேன். அது நான்தானேங்க. அங்க நின்னது நான்தானே."

"ஆமா" என்றார் இவர்.

"கார்ல வரும்போது ஏதாவது சொன்னாளான்னு உங்களை எத்தனை தடவை கேட்டிருப்பேன்? கால்ல விழாத குறையா கேட்டேன். ஒண்ணும் சொல்லல, தூங்கிட்டே வந்தான்னீங்க. அதுக்கு மேல அந்த வீட்டுல இருக்க முடியாமத்தானே நான் கிளம்பி வந்தேன். எனக்குச் சொல்லாததை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கீங்களே."

"சொல்ல வரலம்மா. தமிழ்ல வாயைத் திறந்தா அவ முகம் வந்து நிக்குது. இங்கிலீஷ்ல சொன்னப்போ வேற யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. அதான் சொல்ல முடிஞ்சது. அங்க வந்து உன்கிட்ட சொல்லிடலாம்னுதான்..."

எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. போகவில்லை.

"சரி" என்றாள். குரல் இளகியிருந்தது. "கோபமில்ல. இப்ப சொல்லுங்க. பரீட்சையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நானே அங்க வந்துடறேன். அவ என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

லிஃப்ட்காரர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார். "அழாதே..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "இல்ல, அது சார் போட்டது." கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. "அப்பா, நான் உன்னை விட்டு..." தலையைப் பலமாக ஆட்டினார். "இல்ல, இதுவும் இல்ல. இரு, இரும்மா. வரும்."

வரவில்லை. இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தார், அதுவும் போர்டில் இருந்ததுதான், எனக்கே தெரிந்தது.

"என்னங்க?"

"இத்தனை மாசமா அதையே சொல்லிச் சொல்லி... அவ குரல்லயே கேக்குதும்மா. சார் எழுதினது அவ குரல்லயே கேக்குது. அவ சொன்னது எதுன்னு தெரியல."

நான் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டேன். அந்த அம்மா கத்துவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாபகம் வந்தா கூப்பிடுங்க" என்றாள். "வரலேன்னா நீங்களும் வர வேண்டாம். வந்து என்ன பேசப் போறோம்?" வைத்துவிட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "மேடம், முதல்முதல்ல நான் சொன்ன அன்னைக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க. கேட்டிருப்பீங்களே. வழியில அவ என்ன சொன்னா?"

யோசித்தேன். மூளையைக் கசக்கிப் பிழிந்தேன். காதுக்குள் வருவதெல்லாம் சைரனும் மழையும் 'அழாதே'வும்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் அதை எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! சாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என்னமோ சொன்னாரே... விளக்கணும்னு தோணிச்சே... நான் அப்பவே அழிச்சுட்டேனே" என்றார். கேரண்டி என்ற சொல் அதன் பிறகு அவர் வாயில் கொஞ்ச காலம் வரவில்லை.

கடைசியில் எனக்கு ஒன்றே ஒன்று வந்தது. "சிரிச்சாங்க அண்ணே" என்றேன். "நீங்க அதைச் சொன்னப்போ உள்ளே எல்லாரும் லேசா சிரிச்சாங்க. நான் யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டிருந்தப்போ அந்தச் சிரிப்பு கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். என்ன சொன்னீங்கன்னு தெரியாது. சிரிச்சது நிஜம்."

"சிரிச்சாங்களா?" அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்போ ஏதோ விளையாட்டாதான் சொல்லியிருக்கா. அவ்வளவு காய்ச்சல்லயும். சிரிச்சவங்க யாருக்காவது தெரிஞ்சிருக்கும்ல மேடம்?"

அந்த வகுப்பில் இருந்தவர்களைத் தேடிக் கிளம்பினார். இந்த ஊரில் இருப்பவர்களை வேலை முடிந்து நேரில் போய்ப் பார்த்தார். வெளியூர் போனவர்களுக்கு நான் நம்பர் தேடிக் கொடுத்தேன். ரேடியோவுக்கும் பேசினோம். கேன்டீனில் தான் நடித்துக் காட்டியபோது பக்கத்து டேபிளில் இருந்தது அந்தக் குழந்தையின் அம்மா என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது. தேம்பித் தேம்பி அழுதாள், அதைத் தவிர அவளிடமும் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் அவரைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்கள். அன்றைக்கு என் மகள் என்ன சொன்னாள் என்று நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா என்று இவர் கேட்பார். "மறக்க முடியுமா அங்கிள்!" என்று சொல்லிவிட்டு, சார் சொல்லிக்கொடுத்த இடத்தில் குரல் உடைய, ஐந்தாம் நம்பர் கதையைத் தங்குதடையில்லாமல் ஒப்பிப்பார்கள். இவர் குறுக்கிட மாட்டார். ஏதாவது ஒரு சொல் மாறி வந்துவிடாதா என்று முடிவு வரை நின்று கேட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வருவார்.

இரண்டாவது பரீட்சைக்கு அவர் போகவில்லை. தேதி வந்தது, போனது. வருஷம் முடிகிற வாரத்தில், எங்கள் லிஃப்ட் மறுபடி நின்றுபோய் அதைச் சரிபார்க்க வந்திருந்தபோது, மனைவி கூப்பிட்டாள். குளிரைப் பற்றிக் கேட்கவில்லை, குழாயைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஞாபகம் வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்றார். "இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க."

அவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.